தேசிய சினிமாவும் கற்பிட்டிக் கரையும்: ‘பம்பரு அவித்’ பற்றிய ஒரு மறுநோக்கு

1. வினா

‘தேசிய சினிமா’ என்னும் தொடர் ஈழத்துக் கலை இலக்கிய விமர்சனத்தில் நீண்ட காலமாக வழங்கி வருவதாகும். இத்தொடரைக் கையாள்வோர் பொதுவாக இரண்டு கருத்துக்களை மனத்திற் கொள்கின்றனர். அந்நியத் திரைப்படங்களின் ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட சினிமா என்பது ஒன்று. ஒரு தேசத்து மக்களின் வாழ்க்கையிலிருந்து முகிழ்த்த தனிப்பாணி உடைய சினிமா என்பது மற்றொன்று. முதலாவது கைகூடின் இரண்டாவது தானே வந்தெய்தும் என்ற நம்பிக்கை இத்தொடரின் அடியில் மறைந்து கிடக்கிறது. தென்னிந்தியப் படங்களின் வருகையைக் கட்டுப்படுத்தினால் ஈழத்துச் சினிமா மலரும் என 1960களிலும் 1970களிலும் எழுந்த குரல்கள் இந்நம்பிக்கையின் வெளிப்பாடுகளே. அக்குரல்களில் நியாயம் இருந்தது. எனினும், ஆதிக்கம் நீங்கிய இடத்தில் தோன்றும் பாணி யாருடைய பாணி, அது எந்த மக்களின் குரலைத் தேசத்தின் குரலாக முன்வைக்கிறது என்ற வினா அன்று போதிய அளவு எழுப்பப்படவில்லை.

அவ்வினாவை ஒரு திரைப்படத்தையும் ஒரு கடற்கரையையும் கொண்டு ஆராய இக்கட்டுரை முயல்கிறது. திரைப்படம், தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்தி 1978இல் வெளியான ‘பம்பரு அவித்’. கடற்கரை, அப்படத்தின் களமாகிய கற்பிட்டியை உள்ளடக்கிய புத்தளம் மாவட்டக் கரை.

இக்கரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தெற்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய ஊர்களில் சிங்களம் பேசும் கத்தோலிக்க மீனவர் வாழ்கின்றனர். சற்று வடக்கே உடப்பில், திரௌபதை அம்மன் கோயிலைச் சூழ்ந்து, தமிழ் பேசும் இந்து மீனவர் வாழ்கின்றனர். புத்தளத்திலும் கற்பிட்டித் தீபகற்பத்திலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். பருவ காலத்தில் நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மீனவர் வந்து கற்பிட்டிக் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலானோர் அடைக்கலம் புகுந்ததும் இம்மாவட்டத்திலேதான். ஒரே நாட்டின் ஒரே கரையில் இத்தனை குரல்கள் ஒலிக்கும்போது, ‘தேசிய பாணி’ என்பதன் பொருள் எளிதில் வரையறுக்கக் கூடியதன்று.

2. ஐரோப்பாவின் அனுபவம்

ஒரு நாட்டின் சினிமா மற்றொரு நாட்டின் சினிமாவால் நெருக்கப்படுவது ஈழத்துக்கு மாத்திரம் உரிய அனுபவமன்று. முதலாம் உலகப் போர் ஐரோப்பியத் திரைப்பட உற்பத்தியைச் சீர்குலைத்தது. பரந்த உள்நாட்டுச் சந்தையிலேயே முதலீட்டை மீட்டுக்கொண்ட ஹொலிவூட் கம்பனிகள் தம் படங்களை ஐரோப்பாவில் மலிவாக விற்க முடிந்தது. 1925ஆம் ஆண்டின் இறுதியில், கடன் நெருக்கடியில் இருந்த ஜேர்மனியின் ‘ஊபா’ நிறுவனம் பரமவுண்ட், மெட்ரோ கோல்ட்வின் மேயர் ஆகிய அமெரிக்கக் கம்பனிகளிடம் பணம் பெற்று, அதற்கு ஈடாகத் தன் திரையரங்குகளின் காட்சி நேரத்தில் பெரும் பங்கை அவற்றின் படங்களுக்கு ஒதுக்க உடன்பட்டது. பிரித்தானியா 1927இல் சட்டம் இயற்றி உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கீடு வழங்கியது. 1946இல் பிரான்சு அமெரிக்காவுடன் செய்துகொண்ட பிளம் - பேர்ன்ஸ் உடன்படிக்கையோ, மூன்று மாதங்களில் நான்கு வாரங்களை மட்டும் பிரெஞ்சுப் படங்களுக்கெனக் காப்பாற்றிக் கொடுத்தது. போர்க்காலக் கடனின் தள்ளுபடிக்கும் புதிய கடனுக்கும் செலுத்தப்பட்ட விலைகளுள் அதுவும் ஒன்று.

இவை யாவும் ஆதிக்கத்தின் வரலாறு. ஆதிக்கம் என்பது திரையரங்கின் நாட்காட்டியிலும் விநியோகத்தரின் கணக்கேட்டிலும் நிகழ்வது. அதனை எதிர்க்கச் சட்டமும் அரசும் வேண்டும்.

செல்வாக்கு என்பது வேறு. 1951இல் தொடங்கப்பெற்ற ‘கையே டு சினிமா’ சஞ்சிகையைச் சூழ்ந்த இளம் விமர்சகர்கள் ஹிச்கொக், ஹோக்ஸ் முதலிய ஹொலிவூட் நெறியாளர்களைப் போற்றியவர்கள். அவர்களுள் ஒருவரான கொடார் தம் முதல் முழுநீளப் படமாகிய ‘மூச்சுத் திணற’ (1960) என்பதை மொனோகிராம் என்னும் சிறிய அமெரிக்கக் கம்பனிக்குக் காணிக்கையாக்கினார். அதன் நாயகன் ஹம்ப்ரி போகார்ட்டின் முகபாவங்களைப் பார்த்துப் பழகுபவன். ஆயினும் அப்படத்தைப் பார்க்கும் எவரும் அதனை அமெரிக்கப் படமென மயங்குவதில்லை. பாரிசின் தெருவும் பேச்சும் வேலையற்ற பொழுதும் அதில் உள்ளன. கடன் வாங்கிய கதைச்சட்டகத்தைத் தம் வாழ்க்கையின் எடை தாங்காமல் உடைய விட்டமையே அதன் புதுமை. ஆகவே, செல்வாக்குப் பெற்றமை தனிப்பாணிக்குத் தடையாயிற்று என்று கூற முடியாது. ஆதிக்கத்தையும் செல்வாக்கையும் ஒன்றெனக் கருதுவது ஆய்வில் பெரும் பிழைக்கு இட்டுச் செல்லும்.

நம் பொருளுக்கு நெருங்கிய சான்று மீனவர் பற்றிய மூன்று படங்கள். அமெரிக்கரான ரொபேட் பிளாஹர்ட்டி அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகளில் எடுத்த ‘அரன் மனிதன்’ (1934) கடலோடு போராடும் மனிதனைக் காட்டுகிறது. அத்தீவு மக்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கைவிட்டிருந்த சுறா வேட்டையைக் கமெராவுக்காக மீண்டும் செய்யவைத்தார் அவர். கடல் பகையாக நிற்கிறது. நில உடைமையாளரோ வணிகரோ படத்தில் இல்லை. இத்தாலியரான லூச்சினோ விஸ்கொன்ரி சிசிலியின் அச்சி திரெஸ்ஸாவில் எடுத்த ‘நிலம் நடுங்குகிறது’ (1948) இதற்கு மாறானது. அதில் கடலினும் கொடியது மொத்த வியாபாரிகள் கூறும் விலை. வலஸ்ட்ரோ குடும்பத்து இளைஞன் வீட்டை ஈடுவைத்துச் சொந்தமாகத் தொழில் செய்ய முயல்கிறான். புயலில் படகு சிதைகிறது. ஈற்றில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குத் திரும்புகிறான். ரொசெலினியின் ‘ஸ்ரொம்போலி’ (1950) இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உண்மையான மீனவரின் சூரை மீன் பிடிப்பு ஒருபுறம், ஹொலிவூட்டிலிருந்து வந்த இங்கிரிட் பேர்க்மன் என்னும் பெரும் நட்சத்திரம் மறுபுறம். பணமிட்ட அமெரிக்கக் கம்பனி தன் நாட்டில் அதனை வெட்டிச் சுருக்கித் திரையிட்டது.

ஒரே தொழில், ஒரே கடல், ஒரே வறுமை. ஆயினும் மூன்று பாணிகள். கடல் எவ்வாறு படமாக்கப்பட்டது என்பதனால் மட்டும் இவ்வேறுபாடு விளையவில்லை. பிடிக்கப்பட்ட மீன் கரைக்கு வந்த பின் யாருடையதாகிறது என்ற வினாவைக் கேட்டதும் கேளாமல் விட்டதுமே பாணியை நிர்ணயித்தன.

3. மதுரை, நீர்கொழும்பு, 1956

ஐரோப்பாவுக்கு ஹொலிவூட் எவ்வாறோ அவ்வாறே இலங்கைக்குத் தென்னிந்தியா. இவ்வொப்புமை முற்றும் பொருந்துவதன்று, எனினும் பயனுடையது.

முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுணு பொறொந்துவ’ 1947 ஜனவரியில் திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. படப்பிடிப்பு நிகழ்ந்தது மதுரையில். கதையோ நீர்கொழும்பின் மினர்வா நாடகக் குழுவைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மேடை நாடகம். அதில் நடித்துப் பாடிய ருக்மணி தேவி தமிழ்ப் பின்னணி உடைய கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். புத்தளம் மாவட்டத்துக்குத் தென்னெல்லையில் அமைந்த கத்தோலிக்கக் கரையின் நாடக மரபும் தென்னிந்திய ஸ்ரூடியோவும் சேர்ந்து பெற்ற பிள்ளையே சிங்களச் சினிமா. பாட்டும் கூத்தும் நகைச்சுவைத் துணைக்கதையும் கொண்ட அவ்வடிவம் அடுத்த பத்தாண்டுகள் அசையாது நின்றது. இறக்குமதியும் விநியோகமும் திரையரங்குகளும் மூன்று பெரிய கம்பனிகளின் கையில் இருந்தமை அதற்கு அடிப்படைக் காரணம். படத்தைத் தருவிப்பவரே திரையையும் உடையவராயின், திரை எதனைக் காட்டும் என்பதில் ஐயமில்லை.

இந்நிலையில் 1956 டிசம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘ரேகாவ’ வெளிவந்தது. ஸ்ரூடியோவை விட்டு வெளியே வந்து, இயற்கை ஒளியில், கிராமத்திலேயே எடுக்கப்பட்ட அப்படம் தேசிய சினிமாவின் தொடக்கமெனக் கொள்ளப்படுகிறது. அது பொருத்தமே. ஆனால் லெஸ்டர் பயிற்சி பெற்றது அரசாங்கத் திரைப்படப் பிரிவில். அங்கு ரால்ப் கீன் என்னும் ஆங்கிலேயரின் கீழ்ப் பணியாற்றியவர் அவர். அப்பிரிவின் தொடக்க காலத்தில் பணிபுரிந்தோருள் கியூலியோ பெத்ரோனி என்னும் இத்தாலியரும் ஒருவர். மதுரையின் ஸ்ரூடியோ மரபிலிருந்து விடுதலை பெறுவதற்குப் பிரித்தானிய விவரணப்பட மரபு கைகொடுத்தது. ஒரு செல்வாக்கை மற்றொரு செல்வாக்கால் எதிர்கொண்டே தேசிய பாணி உருவாயிற்று.

அதே 1956 நவம்பரில் மேடையேறிய எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகத்தை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். சிங்கள நாடகத்துக்குத் தேசிய வடிவம் அளித்ததெனப் போற்றப்படும் அந்நாடகம் நாடகம எனும் வடிவத்திலிருந்து பிறந்தது. நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து, கத்தோலிக்கக் கரைகளின் வழியாகச் சிங்களத்துக்குச் சென்ற வடிவம். இதனைச் சரச்சந்திரவே தம் ஆய்வில் விளக்கியுள்ளார். ஆக, ஒரே ஆண்டில் சிங்கள நாடகம் தமிழ் வழி வந்த ஒரு வடிவத்தை ஏற்றுத் தேசியமாயிற்று. சிங்களச் சினிமா தமிழ் வழி வந்த ஒரு வடிவத்தை விலக்கித் தேசியமாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் சிங்களம் மட்டும் அரசகரும மொழியெனச் சட்டம் நிறைவேறியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கலைஞர் நோக்கம் அதுவன்று. ஆயினும் கலை மலர்ந்த காலச்சூழல் அதுவே. ‘தேசிய’ என்னும் அடைமொழி அன்று எவ்வளவு அகன்றதாகவும் எவ்வளவு குறுகியதாகவும் இருந்தது என்பதை இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொழிற்படத் தொடங்கியது. இறக்குமதியும் விநியோகமும் அதன் பொறுப்பில் வந்தன. தனியார் கம்பனிகளின் பிடி தளர்ந்த அவ்விடைவெளியில்தான் பத்திராஜ போன்ற இளந் தலைமுறையினர் படமெடுக்க முடிந்தது. ஆதிக்கத்தை எதிர்க்க அரசு வேண்டும் என்ற கூற்றுக்கு இது சான்று.

4. கரைக்கு வந்த மீன்

‘பம்பரு அவித்’ படத்தின் சிறப்பை உணர, அதற்கு முன் ஈழத்துப் பார்வையாளர் கண்டு பழகிய மீனவனை நினைவுகூரல் வேண்டும். 1964இல் வெளியான ‘படகோட்டி’யில் எம். ஜி. ராமச்சந்திரன் மீனவத் தலைவனாக நடித்தார். இரண்டு மீனவக் குழுக்களைப் பிரித்து வைத்துப் பயனடையும் ஒரு தீயவன் அதில் உண்டு. சுரண்டல் பேசப்படுகிறது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. மீனவர் அப்படத்தைத் தமதெனக் கொண்டாடியதும் உண்மை. ஆனால் சுரண்டல் அங்கே ஒரு தனிமனிதனின் தீக்குணமாக உள்ளது. அவன் தோற்றால் துன்பமும் தீர்ந்துவிடுகிறது. தொழிலோ பாட்டின் பின்னணி. வலை இழுக்கும் கை களைப்பதில்லை.

பத்திராஜவின் படத்தில் நிலைமை வேறு. கற்பிட்டிக் கரையில் மீன் வியாபாரத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் அன்ரன் என்னும் உள்ளூர் முதலாளி (ஜோ அபேவிக்கிரம). நகரத்திலிருந்து நண்பர் குழாத்துடன் வந்திறங்கும் விக்டர் (விஜய குமாரதுங்க). உள்ளூர் இளைஞன் ஒருவனுக்கு உரியவளெனக் கருதப்படும் ஹெலன் (மாலினி பொன்சேகா). விக்டரின் வருகை வியாபாரப் போட்டியையும் காதல் போட்டியையும் ஒருசேர மூட்டுகிறது. இரண்டும் பின்னிப் பிணைந்து வன்முறையில் முடிகின்றன. கதையைச் சுருக்கிக் கூறின் அது எந்த வணிகப் படத்தின் கதையுமாகலாம். வேறுபாடு, எவரும் தீயவராகப் படைக்கப்படவில்லை என்பதிலேயே உள்ளது.

அன்ரன் கடன் கொடுப்பவன், ஆபத்தில் உதவுபவன், அவ்வுதவியாலேயே கரையைக் கட்டி வைத்திருப்பவன். இக்கரையின் கரைவலைத் தொழிலை அறிந்தோர் இவ்வுறவை நன்கறிவர். வலையும் தோணியும் உடையவனுக்கு மீன்பாட்டில் பெரும் பங்கு, இழுத்தவர்க்கு எஞ்சியது, தொழிலற்ற பருவத்தில் பெற்ற முற்பணம் அடுத்த பருவத்துக் கையையும் முன்கூட்டியே விலைக்கு வாங்கிவிடும். விக்டர் இப்பழைய பந்தங்களை அறியாதவன். காசைக் கையில் வைத்து மீனைக் கேட்பவன். நிலமானிய எச்சங்கள் கலந்த பழைய வணிக முதலும் நகரத்துப் புதிய முதலும் மோதுகின்றன. மோதலில் நசுங்குவோர் இரு பக்கத்திலும் உழைப்போரே. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்ட வேளையிலே இப்படம் திரைக்கு வந்தமை அதன் கூர்மையை மிகுவித்தது. சிங்களத்தில் ‘பம்பரு’ என்பது கொட்டும் வண்டினத்தைக் குறிக்கும். வந்தது சில இளைஞர் மட்டுமல்லர், ஒரு பொருளாதாரம் என்பதை இன்று திரும்பிப் பார்க்கையில் தெளிவாகக் காண்கிறோம்.

விக்டரின் நண்பருள் ஒருவன் இடதுசாரிச் சிந்தனை பேசுபவன் (விமல் குமார த கொஸ்தா). அவனது சொற்கள் கரையிலுள்ளோரைச் சென்றடைவதில்லை. முற்போக்கு விமர்சகர் சிலர்க்கு இது கசப்பாகலாம். ஆனால் 1971இன் கிளர்ச்சியும் அதன் அழிவும் கண்ட தலைமுறையின் சுயவிமர்சனம் இது. புத்தகத்தில் கற்ற மொழியில் உழைப்பவனோடு பேச முனைவோன் தன் குரலையே கேட்டுத் திரும்புகிறான். இப்பாத்திரத்தைக் கேலியெனக் கொள்வதிலும், நம்மை நோக்கிய வினாவெனக் கொள்வதே பொருத்தம்.

பாணியைப் பொறுத்தவரை, டொனால்ட் கருணாரத்னவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு கரையை அழகுக்காட்சியாக்க மறுக்கிறது. பிரேமசிறி கேமதாசவின் இசை மேலைத்தேய இசையறிவில் வேரூன்றியது; அதனை அந்நியமென எவரும் தள்ளவில்லை. நாம் முன்னர்க் கூறியபடி செல்வாக்கும் தனித்தன்மையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆயினும் ஒரு முரண்பாட்டைக் குறிப்பிடாது விடலாகாது. விஜய குமாரதுங்கவும் மாலினி பொன்சேகாவும் அக்காலத்துச் சிங்களத் திரையின் முதன்மை நட்சத்திரங்கள். ஸ்ரொம்போலித் தீவில் பேர்க்மன் நின்றது போன்றே இவர்கள் கற்பிட்டி மணலில் நிற்கின்றனர். இருவரும் சிறந்த கலைஞர், நடிப்பில் குறையில்லை. எனினும் நட்சத்திரத்தின் முகம் திரையில் தோன்றியவுடன், பார்வையாளன் பல நாட்கள் பழகிய ஆசைகளும் உடன் வந்து அமர்கின்றன. வணிக சினிமாவின் கதைமரபைப் பத்திராஜ உடைத்தார். அதன் முகங்களை உடைக்கவில்லை. அவை இன்றேல் அப்படம் திரையரங்கை எட்டியிருக்குமா என்ற வினாவும் உண்டு. ஆதிக்கம் விநியோகத்தில் மட்டுமன்றிப் பார்வையாளனின் கண்ணிலும் குடிகொண்டிருப்பது.

5. பார்வையாளன் என்னும் பிரச்சினை

அக்கண்ணைப் பற்றிப் பேசுகையில் நாம் சிங்களச் சினிமாவை விட்டு நம்மை நோக்கித் திரும்புதல் வேண்டும். ‘பம்பரு அவித்’ வெளிவருவதற்கு ஓராண்டு முன், 1977இல், அதே பத்திராஜ யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப் படத்தை நெறிப்படுத்தினார். அக்காலத்தில் அவர் யாழ்ப்பாண வளாகத்தில் கற்பித்தவர். திரைக்கதை காவலூர் இராசதுரையுடையது. பல்கலைக்கழகச் சமூகத்தைச் சார்ந்தோர் பலர் அதில் நடித்தனர். ஒளிப்பதிவாளரும் இசையமைப்பாளரும் ‘பம்பரு அவித்’ படத்துக்கு வாய்த்த அதே இருவர். சீதனக் கொடுமையையும், சாதியெல்லை கடந்த காதல் எய்தும் துயர முடிவையும் ஆரவாரமின்றி எடுத்துரைத்தது அப்படம். யாழ்ப்பாண வீட்டின் நிசப்தத்தை அதற்கு முன் எந்தப் படமும் அவ்வாறு கேட்டதில்லை.

அதனை நம்மவர் ஆதரிக்கவில்லை. தமிழகத்துப் படங்களின் வேகத்துக்கும் வசனத்துக்கும் பழகிய தமிழ்ப் பார்வையாளர்க்கு அது ‘ஓடாத படம்’ ஆயிற்று. சிங்களவர் ஒருவர் தமிழில் தந்த நற்படைப்பைத் தமிழர் புறக்கணித்தமை நம் விமர்சனம் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளாத ஒரு குற்றம். சென்னையின் ஆதிக்கத்தைக் கண்டித்து எழுதியோர் நம்மிடையே பலர். ஆனால் அவ்வாதிக்கத்துக்கு நாள்தோறும் நுழைவுச்சீட்டு வாங்கியோரும் நாமே.

1978இல், ‘பம்பரு அவித்’ வெளியான அதே ஆண்டில், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ பிரேம்நாத் மொறாயசின் நெறியாள்கையில் வெளிவந்தது. பருவ காலத்தில் நெடுந்தீவுக்குத் தொழில் நாடி வரும் மீனவரின் வாழ்வும் போட்டியும் காதலும் அந்நாவலின் பொருள். வெளியிலிருந்து ஒரு கரைக்கு வருவோர், அங்கு ஏற்கனவே இருப்போர், இடையில் ஒரு பெண்: கதையின் அடிப்படை அமைப்பு பத்திராஜவின் படத்தை ஒத்திருப்பது வியப்புக்குரியதன்று. பருவ வாடி என்னும் பொருளாதார அமைப்பு இரு மொழி மீனவர்க்கும் பொதுவானது. ஆதலின் கதையும் பொதுவாயிற்று. ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து எழுதியதன்று. கரை இருவர்க்கும் ஒன்றையே கூறியது.

சொற்களும் இதற்குச் சாட்சி. சிங்கள மீனவன் தன்னைக் கடனில் கட்டி வைத்திருப்பவனை ‘முதலாளி’ என்றே அழைக்கிறான். பருவ காலக் குடிசையை ‘வாடிய’ என்கிறான். இரண்டும் தமிழ்ச் சொற்கள். சுரண்டலின் சொல்லகராதி இரு மொழிக்கும் ஒன்றாயிருக்க, சினிமாக்கள் மட்டும் ஒன்றையொன்று அறியாது வளர்ந்தன.

6. யாருடைய தேசம்?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ‘பம்பரு அவித்’ சிங்கள மொழிப் படம். கற்பிட்டிக்குத் தொழிலுக்கு வரும் சிங்களக் கத்தோலிக்க மீனவரை நோக்கின் அதில் பொய்யில்லை. ஆனால் அக்கரை அவர்களுடையது மட்டுமன்று. கற்பிட்டி முஸ்லிமின் தமிழும், உடப்புக் கரைவலையில் ஒலிக்கும் அம்பாப் பாடலும் அதே காற்றில் கலந்தவை. இன்னும் ஆழமாக நோக்கின், நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை சிங்களம் பேசும் கத்தோலிக்க மீனவர் பலரின் முன்னோர் தமிழ் பேசியவர்கள். பாடசாலையும் ஆலயமும் சிங்களத்துக்கு மாறிய 20ஆம் நூற்றாண்டில் அவர்களின் மொழியும் மாறிற்று. நீர்கொழும்பு மீனவரிடையே தனித்தன்மை வாய்ந்த ஒரு பேச்சுத் தமிழ் அண்மைக்காலம் வரை வழங்கி வருவதை மொழியியலாளர் ஆராய்ந்துள்ளனர். அன்ரனும் ஹெலனும் எம்மொழியில் கனவு காண்பர் என்பது விடை எளிதில் கிடைக்காத வினா.

பத்திராஜ மீது குற்றம் காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழில் படமெடுக்கத் துணிந்த சிங்கள நெறியாளர் அவர். 2018இல் அவர் மறைந்தபோது இரு மொழிக் கலைஞரும் ஒரு தோழனை இழந்தனர். குறை தனிமனிதருடையதன்று, ‘ஒரு தேசம், ஒரு மொழி, ஒரு சினிமா’ என்ற எண்ண அமைப்பினுடையது. சிங்களச் சினிமா தென்னிந்திய ஆதிக்கத்தை நீக்கித் தேசியமாகிய வேளையில், தன் கரையிலிருந்த தமிழை அந்நியத்தோடு சேர்த்து ஒதுக்கிவிட்டது. தமிழ்ப் பார்வையாளரோ தென்னிந்திய ஆதிக்கத்தையே தம் மொழியின் பாதுகாப்பெனக் கொண்டனர். இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். 1983 ஜூலையில் தமிழருக்குச் சொந்தமான ஸ்ரூடியோவும் திரையரங்குகளும் எரியூட்டப்பட்டு, சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அத்தீயில் அழிந்தன. ‘அந்நியத்தை’ அழிக்கச் சென்றவர்கள் தம் நினைவையே அழித்தனர். ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் தொடர்ச்சியும் அத்துடன் அறுந்தது.

விஸ்கொன்ரியின் படம் இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது. அதன் மீனவர் பேசுவது சிசிலியின் கிளைமொழி. இத்தாலிய மொழி சிசிலியின் ஏழைகளுடைய மொழியன்று எனப் படமே தன் தொடக்கத்தில் அறிவிக்கிறது. தலைநிலத்து இத்தாலியர்க்குப் புரியாமையால் விளக்கக் குரலொன்று சேர்க்கப்பட்டது. வசூலில் அப்படம் தோற்றது. ஆனால் ஒரு தேசம் தன் மீனவனின் பேச்சைத் தானே விளங்கிக்கொள்வதில்லை என்ற உண்மையை மறைக்காது முன்வைத்தமையால், இத்தாலியச் சினிமாவின் உயர்ந்த படைப்புகளுள் ஒன்றாக அது நிலைத்தது. தேசியம் என்பதை விடையாகவன்றி வினாவாக எடுத்துக்கொண்ட படம் அது. நம் நாட்டில் அத்தகைய படம் இன்னும் எடுக்கப்படவில்லை. ‘பம்பரு அவித்’ அதற்கு மிக அருகே சென்று நின்றது.

7. முடிவுரை

இன்று நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. வென்னப்புவ, மாரவில முதலிய ஊர்களிலிருந்து பெருந்தொகையானோர் இத்தாலிக்குத் தொழில் நாடிச் சென்றுள்ளனர். சிசிலியின் கத்தானியாவிலும் மெசினாவிலும் இலங்கையர் வாழ்கின்றனர். அச்சி திரெஸ்ஸா கத்தானியாவை அடுத்த கரை. இப்பெயர்வைப் பூடி கீர்த்திசேனவின் ‘மிலே சோயா’ (2004) பொருளாகக் கொண்டது. இக்கரையில் தமிழ் பேசுவோர் இன்றும் காண்பது பெரும்பாலும் சென்னைப் படங்களே. திரையரங்கின் இடத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் பிடித்துள்ளன. நுழைவாயில் மாறினாலும் ஆதிக்கத்தின் இயல்பு மாறவில்லை.

இவ்வாய்விலிருந்து மூன்று கருத்துக்கள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆதிக்கமும் செல்வாக்கும் வெவ்வேறானவை. முன்னதை எதிர்க்க நிறுவன ஏற்பாடு வேண்டும், பின்னதை அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது, பாணி என்பது அணியன்று. உழைப்பையும் அதன் பயனையும் ஒரு படம் எங்ஙனம் காண்கிறது என்பதன் வெளிப்பாடு. மூன்றாவது, பன்மொழி நாட்டில் தேசிய சினிமா ஒரு மொழியில் முற்றுப்பெறாது.

மூன்றாவது கருத்து நமக்குச் செயலையும் சுட்டுகிறது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் சிங்களச் சங்கங்களும் ‘பொன்மணி’யையும் ‘பம்பரு அவித்’ படத்தையும் ‘வாடைக்காற்’றையும் ஒரே அரங்கில், இரு மொழித் துணைவாசகங்களுடன் காட்டி விவாதிக்கலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொணர்ந்தபோது பல்கலைக்கழகம் ஒரு கலைக்குச் செய்யக்கூடியது யாதென்பதைக் காட்டினார். சினிமாவுக்கு அத்தகைய பணி இன்னும் செய்யப்படவில்லை. உடப்பின் அம்பாப் பாடலும் மாரவில மீனவனின் சிங்களமும் கற்பிட்டி முஸ்லிமின் தமிழும் ஒரே படத்தில், ஒன்றையொன்று மொழிபெயர்த்து அழித்துவிடாமல், கேட்கப்படும் நாளில்தான் தேசிய சினிமா என்னும் தொடரை ஐயமின்றி நாம் கையாள முடியும். அதுவரை அத்தொடரை எழுதும்போதெல்லாம், கரையில் நிற்கும் யாரை விட்டுவிட்டோம் என்று திரும்பிப் பார்ப்பது விமர்சகனின் கடமையாகும்.